காலையில் மண்டியிட்டு நிற்கும் கார்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய ஓர் ஆனி மாதக் காலை. ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் சிறிய தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், வாசலில் நின்ற தம் காரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிரவு நேராக நின்ற வண்டி, காலையில் வலது முன்பக்கம் மட்டும் தாழ்ந்து, கோயில் யானை ஒரு காலை மடித்து மண்டியிட முனைந்ததுபோல் நின்றது. சக்கரத்தில் காற்றுக் குறைவில்லை. எஞ்சினை இயக்கினார். வண்டியின் அடியிலிருந்து ஒரு நிமிடம் 'உர்' என்ற ஓசை வந்தது. தாழ்ந்திருந்த மூலை மெல்ல எழுந்து நின்றது. வண்டி ஒன்றும் நடவாததுபோல் ஓடியது.

மலைக்கு அப்பால் கேரளத்தில் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற வெளிநாட்டுச் சொகுசு வண்டி அது. ஜீப்பைப்போல் உயரமானது, ஆனால் உள்ளே மெத்தென்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் உடற்பகுதி நான்கைந்து சென்டிமீட்டர் உயர்ந்து கரடுமுரடான வழியைக் கடக்கும். வேறொரு பொத்தானை அமுக்கினால், முதியவர்கள் ஏறி இறங்க வசதியாகத் தாழும். இந்த வித்தைக்காகவே நண்பர் அதை வாங்கினார். வித்தைதான் இப்போது வினையாகிவிட்டது.

சில வாரங்களில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. பிறகு ஒருநாள் 'உர்' ஓசையும் நின்றது. வண்டி எழவே இல்லை. தொலைவிலுள்ள பெரிய நகரத்துப் பணிமனைக்கு அதை வேறொரு வண்டியின்மேல் ஏற்றி அனுப்பினார். அங்கே கணிப்பொறியை இணைத்துப் பார்த்து, கம்ப்ரசர் பழுது என்று சொல்லிப் புதியது பொருத்தினார்கள். ஓர் இருசக்கர வண்டியின் விலை ஆயிற்று. அடுத்த சாரல் காலம் முடிவதற்குள் அந்தப் புதிய கம்ப்ரசரும் நின்றுவிட்டது!

கணிப்பொறி பொய் சொல்லவில்லை. பழுதானது கம்ப்ரசர்தான். ஆனால் பழுதுக்குக் காரணம் கம்ப்ரசர் அன்று. அது எங்கே ஒளிந்திருந்தது, குற்றாலத்தின் ஈரக்காற்றுக்கு அதில் என்ன பங்கு என்பதைப் பார்ப்போம்.

காற்றின்மேல் ஒரு வண்டி

சாதாரணக் கார்களில் உடற்பகுதிக்கும் சக்கரத்துக்கும் இடையே எஃகுச் சுருள்வில் இருக்கிறது. லாரிகளில் தகடுகளை அடுக்கிய வில் இருக்கிறது. எஃகு வில்லுக்கு ஒரு குறை உண்டு. பாரம் ஏறினால் அது அமுங்கும், இறங்கினால் எழும்பும். அதுவும் தவிர, முழுப் பாரத்துக்கு ஏற்ற விறைப்போடு செய்த வில், பாரம் இல்லாதபோது அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கும். ஆளில்லாத பேருந்தின் கடைசி இருக்கையில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே பேருந்து நிறைந்துவிட்டால் ஆட்டம் இதமாகிவிடுகிறது.

எஃகுக்குப் பதிலாகக் காற்றை வில்லாக வைத்தால் என்ன? மிதிவண்டிப் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். கை எடுத்ததும் பிடி திரும்பி வரும். காற்றின் கன அளவைக் குறைத்தால் அழுத்தம் கூடும் என்று பாயில் 1662-இல் சொன்ன விதிதான் இது. காற்றுவில்லில் தடித்த ரப்பரும் நாரும் சேர்ந்த ஒரு பை உண்டு. அதன் கீழ்ப்பகுதி காலுறையின் விளிம்பை மடித்துவிட்டதுபோல் ஓர் உருளையின்மேல் மடிந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு உருளையின்மேல் உருண்டு உருண்டு நகரும். மடிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் குற்றவாளி அங்கேதான் பதுங்கியிருக்கிறான்.

பையில் எவ்வளவு அழுத்தம் வேண்டும்? ஒரு மூலையில் 550 கிலோகிராம் பாரம் என்று கொள்வோம். பையின் பயன்படும் பரப்பு 90 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து பேர் ஏறிப் பாரம் கூடினால், கூடுதலாகக் கொஞ்சம் காற்றைச் செலுத்தினால் போதும். உயரம் பழையபடியே நிற்கும். அழுத்தம் கூடும்போது வில்லின் விறைப்பும் கூடவே கூடுவதால், வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. காற்றுவில்லின் உண்மையான சிறப்பு இதுதான். பொத்தான் வித்தையெல்லாம் பிற்பாடு சேர்ந்தவை.

கருத்து புதிதன்று. 1955-இல் பிரான்சு நாட்டின் சித்ரோவன் நிறுவனம் வாயுவையும் எண்ணெயையும் சேர்த்து உயரம் மாற்றும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கேடிலாக் 1957-இல் காற்றுவில் பொருத்திய விலையுயர்ந்த கார் ஒன்றை வெளியிட்டது. காற்றுக் கசிவால் அலுத்துப்போன உரிமையாளர்களில் பலர் எஃகுச் சுருளுக்கே திரும்பினார்கள். நம் நாட்டுக்கு 2001-இல் வால்வோ பேருந்துகள் வந்தபின், நிறுத்தத்தில் 'புஸ்' என்று மூச்சுவிடும் பேருந்து பழகிப்போயிற்று. பெரம்பூர் இன்டகிரல் கோச் தொழிற்சாலையில் 2018-இல் உருவான வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் காற்றுவில்களின்மீதே அமர்ந்திருக்கின்றன. ஆகவே காற்றுவில் என்றாலே தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பேருந்திலும் ரயிலிலும் காற்றைப் பெருமளவில் அழுத்தித் தரும் வலுவான பொறிகள் பிரேக்குக்காக முன்பே இருக்கின்றன. காரில் அந்த வசதி இல்லை. கை அளவுள்ள ஒரு சிறு மின்கம்ப்ரசர்தான் எல்லாச் சுமையையும் தாங்கவேண்டும்.

அது சில நிமிடங்களுக்குமேல் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. அது தரும் காற்று ஓர் உலர்த்தி வழியாக வால்வுப் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து நான்கு பைகளுக்கும் தனித்தனிக் குழாய்கள். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உயரத்தை அளக்கும் ஓர் உணரி இருக்கிறது. எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று கணிப்பொறி கேட்டறிந்து, அந்த மூலையின் வால்வைத் திறந்து காற்றை அனுப்பும். தாழ்த்த வேண்டுமானால் பையின் காற்று வந்த வழியே திரும்பி, உலர்த்திக்குள் புகுந்து வெளியேறும்.

வந்த வழியே ஏன் திரும்பவேண்டும்? நேராக வெளியே விட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை காணக் குற்றாலத்துக்கே போகவேண்டும்.

சாரலும் கம்ப்ரசரும்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குத்தொடர்ச்சி மலைமேல் ஏறுகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது; விரிவதால் குளிர்கிறது; குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்கமுடியாமல் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாயின் வழியாகத் தப்பிவரும் ஈரக்காற்றுதான் செங்கோட்டையிலும் தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலாக நம் முகத்தில் படுகிறது.

காற்றை விரித்தால் நீர் பிரிகிறது. அப்படியானால் அழுத்தினால் நீர் பிரியாது என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை! அழுத்தும்போது காற்று சூடாவது உண்மை. சூடாக இருக்கும்வரை நீர் பிரியாது. ஆனால் குழாயிலும் தொட்டியிலும் போய்ச் சேர்ந்தபின் அது வெளிவெப்பத்துக்கு ஆறிவிடும். அப்போது என்ன ஆகும்? கணக்குப் போடுவோம்.

27 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடம் ஏறத்தாழ 26 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். சாரல் காலத்தில் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறு என்றால், அதில் 23 கிராம் இருக்கிறது. இந்தக் காற்றைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தி ஆறவைத்தால், அந்தச் சிறிய இடம் ஏற்பது 2.6 கிராம் மட்டுமே. மீதி 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி நீர், துளிகளாகப் பிரிந்தே தீரவேண்டும். லாரி ஓட்டுநர்கள் காலையில் காற்றுத்தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிற நீர் சீறிக்கொண்டு வரும். அது இதே நீர்தான்.

காரின் வால்வுகள் மிக நுண்ணியவை. நீர் பட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். அதனால்தான் உலர்த்தி. மருந்துப் புட்டியிலும் புதுக் காலணிப் பெட்டியிலும் சிறு பொட்டலமாகக் கிடக்குமே, அந்தச் சிலிக்கா ஜெல் மணிகளே அதில் இரண்டு மூன்று கைப்பிடி இருக்கின்றன. அவை தம் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு?

இங்கேதான் பொறியியலார் ஓர் அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பையிலிருந்து திரும்பும் காற்று ஏற்கனவே உலர்ந்த காற்று. வெளியேறும்போது அழுத்தம் குறைந்து விரிவதால் அதன் ஈரப் பசி இன்னும் அதிகமாகிறது. அது சிலிக்கா மணிகளின் ஊடே போகும்போது, அவை முன்பு உறிஞ்சிய ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே வரும் காற்று உலர்த்தியை நனைக்கிறது. வெளியே போகும் காற்று அதைக் காயவைக்கிறது. இந்த வரவு செலவு சரியாக இருக்கும்வரை மணிகளை மாற்றாமலே பல ஆண்டுகள் ஓட்டலாம்.

பையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? காற்று உலர்த்தி வழியே திரும்பாமல் ஓட்டை வழியே போய்விடும். வரவு மட்டும் உண்டு, செலவு இல்லை. ஒரு பையில் மூன்று லிட்டர் இடம் இருந்தால், அதை நிரப்ப வெளியிலிருந்து இருபது லிட்டருக்குமேல் காற்றை இழுக்கவேண்டும். சாரல் காற்றில் அது ஏறத்தாழ அரை கிராம் ஈரம். அற்பம்தான். ஆனால் ஒவ்வொரு காலையும் அரை கிராம் என்றால், சாரல் காலத்தின் தொண்ணூறு நாளில் 45 கிராம். இது இரவுக் கசிவின் கணக்கு மட்டும். பகலில் ஓடும்போதும் கசிவு நிற்பதில்லை. மணிகள் நிறைந்து, நனைந்து, நொறுங்குகின்றன. அந்தத் தூள் வால்வுகளில் போய் அடைக்கிறது. காற்றுப் பாதை அடைபட, கம்ப்ரசர் இன்னும் அதிகம் திணறுகிறது. அதற்கு மின்சாரம் தரும் ரிலே ஓயாமல் இயங்கிக் கருகுகிறது. சில சமயம் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தியபின்னும் கம்ப்ரசர் ஓடி பாட்டரியையும் தீர்த்துவிடும். கடைசியில் கம்ப்ரசர் சூடேறி நிற்கிறது. கணிப்பொறி அதைத்தான் கண்டுபிடித்துச் சொல்கிறது. ரப்பரில் ஒரு வெடிப்பு என்று சொல்ல அதற்குக் கண் இல்லை.

கசிவைத் தேடும் முறை

தென்காசியில் லாரிகளின் காற்றுப் பிரேக்கில் கை பழகிய மெக்கானிக் ஒருவரிடம் நண்பர் இம்முறை போனார். சொகுசு வண்டிகளுக்கான கணிப்பொறி எதுவும் அவரிடம் இல்லை. கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, பானை ஒழுகுதுன்னா தண்ணி இறைக்கிறவன மாத்தி என்ன செய்ய?" என்றாராம். அவர் கேட்ட கருவிகள் இரண்டு: ஓர் அளவு நாடா, ஒரு வாளி சோப்பு நீர்.

முதலில் அளவு நாடா. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காற்றுவில்லின் பியூஸைக் கழற்றச் சொன்னார். இது முக்கியமான படி. ஒரு மூலை தாழ்ந்தால், வண்டி கோணலாக நிற்கக்கூடாது என்று மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் கணிப்பொறியே இறக்கிவிடும் வண்டிகள் உண்டு. கசிவது ஒன்று, தாழ்வது நான்கு என்றாகி, தேடுபவரைத் திசைதிருப்பிவிடும். பியூஸைக் கழற்றியபின், ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டார்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றுக் குறைவும் கணக்கில் கலந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் காலை மீண்டும் அளந்தபோது, வலது முன்பக்கம் 42 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மற்றவை மூன்று நான்கு மில்லிமீட்டர். அந்த மூன்று நான்கும் கசிவுதானோ என்று நண்பர் பதறினார். தேவையில்லை. மாலையில் 29 டிகிரியாக இருந்த காற்று காலையில் 24 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்தால் வாயு சுருங்கும். ஐந்து டிகிரிக்கு நூற்றில் ஒன்றே முக்கால் பங்கு. இருபது சென்டிமீட்டர் உயரமுள்ள காற்றுத் தூணில் அது மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நான்கு மூலையும் ஒன்றாகத் தாழ்ந்தால் அது குளிர். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அது கசிவு.

உயர உணரி பழுதாக இருந்தால்? அதன் சிறு இணைப்புக் கம்பி முறிவது அரிதன்று. ஆனால் உணரி பொய் சொன்னால் வண்டி அந்தக் கணமே தவறான உயரத்துக்குப் போய் நிற்கும்; இரவு முழுவதும் அப்படியே நிற்கும். கசிவுக்குத்தான் நேரம் தேவை. நகரத்துப் பணிமனையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கசிவில்லை என்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஓர் இரவு பொறுத்திருந்தால் ஒரு கம்ப்ரசர் மிஞ்சியிருக்கும்.

அடுத்து சோப்பு நீர். பங்க்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பதன் மறுவடிவம் இது. பையின் மேல்முனை, குழாய் இணைப்புகள், வால்வுப் பெட்டி எல்லாவற்றிலும் தெளித்துப் பார்த்தார்கள். குமிழி இல்லை! மெக்கானிக் சற்று யோசித்தார். பியூஸைப் பொருத்தி, வண்டியை மிக உயரமான நிலைக்கு எழுப்பச் சொல்லி, உடற்பகுதிக்கு அடியில் உறுதியான தாங்கிகளை வைத்தபின் மீண்டும் தெளித்தார். உயர்ந்தபோது மடிப்பு விரிந்து, அதுவரை உள்ளே மறைந்திருந்த ரப்பர் வெளியே வந்தது. அங்கே விரல் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன்மேல் மல்லிகை மொட்டுகள்போல் நுரை பூத்தது. ஒன்பது ஆண்டுகள் உருண்டு உருண்டு, மணலும் வெயிலும் பட்டு, ரப்பர் அந்த வரியிலேயே களைத்துப்போயிருந்தது.

தாங்கிகளைப் பற்றிச் சொன்னேன். அதை அழுத்தமாக மறுபடியும் சொல்லவேண்டும். காற்றுவில்லின்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில், வெறும் காற்றை நம்பி எவரும் நுழையக்கூடாது. பை வெடித்தாலும், ஒரு வால்வு தவறித் திறந்தாலும், இரண்டு டன்னுக்குமேல் எடையுள்ள உடல் சட்டென்று கையகல உயரம் இறங்கும். அடியில் கிடப்பவரின் நெஞ்சுக்கு அந்த இறக்கம் போதும். ஜாக்கி வைக்கும்போது உயரச் சீரமைப்பை நிறுத்திவைக்க வண்டியிலேயே ஓர் ஏற்பாடு இருக்கும். அதைச் செய்துவிட்டே தூக்கவேண்டும். தாழ்ந்த மூலையோடு புளியரை வளைவுகளில் ஏறுவதும் அதே அளவு ஆபத்து. டயர் மட்கார்டின் உட்புறத்தில் உராய்ந்து சூடேறும். திருப்பத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லமுடியாது.

காற்றுவில்லையே கழற்றிவிட்டு எஃகுச் சுருளைப் பொருத்திவிடலாமா என்று நண்பர் கேட்டார். 1957-இன் கேடிலாக் உரிமையாளர்கள் போன வழி அது. தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உயரமும் இதமும் போய்விடும். கணிப்பொறி இல்லாத உறுப்பைத் தேடி விளக்கெரித்துக்கொண்டே இருக்கும். ஒரு பையின் வெடிப்புக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. வாங்குவதற்கு முன்பே ஒருநாள் அதிகாலையில், விற்பவர் எஞ்சினை இயக்குமுன் போய் நான்கு மூலைகளையும் பார்த்திருந்தால், இவ்வளவும் விலைபேசும்போதே தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

முன்புறப் பைகள் இரண்டும் ஒரே வயது என்பதால் இரண்டையும் மாற்றினார்கள். கம்ப்ரசரைத் தூக்கி எறியவில்லை. அதைப் பிரித்துப் பார்த்தபோது உலர்த்தியிலிருந்து மணிகளுக்குப் பதில் ஈரமான சேறு வந்தது. புதிய சிலிக்கா மணிகளை நிரப்பி, தேய்ந்த வளையம் ஒன்றை மாற்றி, வால்வுப் பெட்டியை ஊதித் துடைத்து, ரிலேயையும் புதிதாகப் போட்டார்கள். கம்ப்ரசர் ஓடியது. எல்லாம் சேர்ந்து, முன்பு கொடுத்த தொகையில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று.

அன்றிரவு பியூஸைக் கழற்றிவிட்டு நண்பர் அளந்து வைத்தார். விடியற்காலையில் குடையோடு போய் மறுபடி அளந்தார். நான்கு மூலையும் மூன்று மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தன.